தொங்கல் காம்பரா

முதலில் ஆணியை அடித்தேன்.
மழை ஊறிய கோயில் சுவர்;
மூன்று ஆணி வளைந்தன, நாலாவது நின்றது.
அதில் நூலைக் கட்டி, நீலப்பொடி தேய்த்து,
இழுத்துச் சுண்டினேன்:
தகரக் கூரை ஒரு கோடு,
இஸ்தோப்பு விளிம்பு ஒரு கோடு,
கான் ஓரம் ஒரு கோடு.
எல்லாம் போய் ஆணியில் விழுந்தன.

சாமியார் தந்த புத்தகத்தில்
அறுநூறு வருசத்துக்கு முந்திய இத்தாலிக்காரன் ஒருவன்
தேவதூதனை ஒரு வீட்டுக்குள் இறக்கியிருந்தான்,
தரைக்கல்லை எண்ணிவிடலாம்போல.
அவனுக்கு முந்தியவர்கள் வானம் முழுக்கத் தங்கம் பூசினார்கள்.
தங்கத்தில் தூரம் கிடையாது,
யாரும் எங்கிருந்தும் வந்துசேர வேண்டியதில்லை.
இவன் தூரத்தை உண்டாக்கினான்.
உண்டானதும்
தூதன் நடந்து வரவேண்டியதாயிற்று.

இங்கே பளிங்குத் தூண் ஏது?
பணிய லயத்தில் பன்னிரண்டு கதவு,
ஒன்றைவிட ஒன்று சிறிசு, சிறிசு,
கடைசியில் ஒரு கடுகு.
வெள்ளைக்காரன் பர்ஸ்பெக்டிவ் பார்த்துத்தான் கட்டியிருக்கிறான்
என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மாதாவுக்கு பிலோமினா.
கொழுந்து நிறுத்துவிட்டு நாலரைக்கு வருவாள்,
இடுப்பில் படங்குகூட அவிழ்க்காமல்.
"கையை எப்படி வைக்க?"
பயந்த மாதிரி என்றேன்.
"பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்கா?"
கொஞ்சம் யோசித்தாள்.
"பெரட்டுல தனியா பேர் சொன்னா
அன்னைக்கு வேலை இல்லைன்னு அர்த்தம்."
கை தானாகவே மார்புக்குப் போயிற்று.
அப்படியே இருக்கச் சொன்னேன்.

கமிட்டித் தலைவர் சூசைநாதன் வந்து பார்த்தார்.
"ஒளிவட்டம் ஏன் சாஞ்சிருக்கு, சோத்துத் தட்டு மாதிரி?"
தலை திரும்பினால் தட்டும் திரும்பும் என்றேன்.
"மாதா காலில் அட்டையா?"
அட்டையை அழித்தேன்.
ரத்தத்தை விட்டுவிட்டேன்,
கணுக்காலிலிருந்து குதிவரை ஒரு நூல்.
அது அவர் கண்ணில் படவில்லை.

ஐந்தாம் நாள் கதவுகள் முடிந்தன.
பிலோமினா கிட்டே போய், ஆணியைத் தொட்டு,
"இது எது?" என்றாள்.
கடைசிக் கதவு.
"தொங்கல் காம்பராவா? எங்க வீடு."
சுண்டுவிரலை அதன்மேல் வைத்தாள்.
கறுத்த நகத்துக்குக் கீழே கதவு காணாமல் போனது.
"உள்ளே அஞ்சு பேர் படுக்கிறோம்."
கோபமாகச் சொல்லவில்லை.
அரிசி எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள்.
பிறகு கேட்டாள்:
"நீங்க எங்க நின்னு பார்த்தீங்க?"

ஸ்டோர் ரோட்டில்.
துரை ஜீப்பை நிறுத்தும் வளைவில்.
வெளிச்சம் அங்கேதான் நல்லாயிருந்தது.

இதை நான் வாய்விட்டுச் சொன்னேனா, நினைவில்லை.

அன்றிரவு தூக்கம் இல்லை.
விடிகாலையில் மூடுபனியோடு இறங்கி
தொங்கல் காம்பரா வாசலில் போய் உட்கார்ந்தேன்.
பிலோமினாவின் மகன் தேத்தண்ணி கொண்டுவந்தான், சீனி கையில்.
பனி விலக விலக
நிலைக்கட்டை என் தோளுயரத்துக்குமேல் ஏறி நின்றது,
புகைக்கரி படிந்து, சுண்ணாம்பில் யாரோ கிறுக்கிய கூட்டல்கணக்கோடு.
மற்றப் பதினொரு கதவும்
இந்தத் தடவை அந்தப் பக்கம் சிறுத்துக்கொண்டே போயின:
பீலி, சவுக்கு மரம், ஸ்டோர் ரோட்டு வளைவு,
எல்லாவற்றுக்கும் அப்பால் பங்களா.
சிவப்பாக, கடுகளவு.

திருவிழாவுக்கு ஒன்பது நாள்.
சுவர் முழுக்க வெள்ளையடித்தேன்.
சூசைநாதன் வாயில் கைவைத்தார்,
சாமியார் மட்டும் வாளி பிடித்தார்.
பழைய ஆணியைப் பிடுங்கி, துளையை அடைத்து,
புது ஆணி, புது நூல்.
இப்போது தூதன் லயத்து வாசல்கள் எல்லாம் தாண்டி
மூச்சு வாங்கக் கடைசி வீட்டில் நிற்கிறான்,
செட்டையில் தூறல், முழங்கால்வரை சேறு.
பிலோமினா நிலைக்கட்டையை அடைத்து நிற்கிறாள்.

பங்களாவை வரைய நேரமில்லாமல் போயிற்று.
ஆணியைப் பிடுங்கவும் மறந்தேன்.
திருவிழாவுக்கு மறுநாள் போய்ப் பார்த்தால்
அதில் யாரோ
கோயில் சாவியை மாட்டியிருந்தார்கள்.