பதினெட்டாவது படி

அச்செடுக்க வாயில் திணித்த பசைக்கு
அன்று குமட்டிக்கொண்டு ஓடியவள் ரன்வா.
இன்று பேனா போலொரு கேமரா
பல் பல்லாக நடந்து போகிறது.
சன்னலில் ஃபாரோ தீவின் மழை,
திரையில் அவள் தாடை:
அலை வடிந்த பாறைகள்.

யோகுப் விரலால் நகர்த்துகிறார்.
இருபத்திரண்டு படிகள், இருபத்திரண்டு கண்ணாடி உறைகள்;
கோணல் பற்கள்
மணியடித்த பள்ளிபோல் வரிசைக்கு வருகின்றன.
மாதாமாதம் படகேற வேண்டாம்,
போனில் வாயைக் காட்டினால் போதும்.

"நில்லுங்கள். பின்னால் போங்கள். இன்னும்... அங்கே."

பதினெட்டு.
முன்பற்களுக்கு நடுவே
ஓர் அரிசி நுழையும் சந்து.

"இன்னும் நாலு படி இருக்கிறதே?"

சீழ்க்கையடித்தாள்.
தானியங்கிக் கதவு திறக்க
நனைந்த நாய் வந்து நின்றது.

"ஆட்டுமலையில் இதை எப்படிக் கூப்பிடுவேன்?"

பதினெட்டோடு சேமித்தார் யோகுப்,
தரையைத் துடைக்கத் துணி தேடியபடி.