உரிமத்தில் உள்ள சொல்

எங்கள் லாரியின் மேல் பெயர் இல்லை.
முன்பு இருந்தது.
பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரிக்கவே
ரோலண்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பல் பெயின்ட் பூசிவிட்டான்.
உரிமத்தில் மட்டும் மிச்சமிருக்கிறது:
தொழில், நாக்கர்.
கம்ப்ரியாவின் பண்ணைகளில்
செத்த மாட்டை, எழ முடியாத குதிரையை
ஏற்றி வருபவன்.

அவன் தொழிலை ஊரே
நாளைக்குப் பத்துமுறை சொல்கிறது,
அவனை நினைக்காமல்.
கதவில் சாய்ந்து தபால்காரி: நாக்கர்ட்.
முதியோர் இல்லத்தில் என்னோடு இரவுப்பணி பார்க்கும் இமோஜென்
ஷூவைக் கழற்றிக்கொண்டே: நாக்கர்ட்.
மகனின் பிறந்தநாளுக்கு முப்பது பலூன் ஊதியவனும்
அதையேதான் சொன்னான்.

வண்டி இழுத்துத் தேய்ந்த குதிரையின்
தோல் ஓர் ஆளுக்கு, எலும்பு பசைக்கு,
இறைச்சி நாய்களுக்கு.
அந்தக் குதிரை நான்தான் என்கிறார்கள் எல்லோரும்,
தேநீருக்குச் சர்க்கரை போட்டபடி.

நூலகத்து அகராதியில் பார்த்தேன்.
அதற்கும் முன்னால்
அந்தச் சொல் சேணம் தைத்தவனின் பெயராம்.
ஐஸ்லாந்தில் சேணத்துக்கு இன்றும்
அதைப்போல் ஒரு சொல் உண்டு, ஒருவேளை அங்கிருந்து வந்திருக்கலாம்.
'ஒருவேளை' என்றுதான் போட்டிருந்தது.
முதுகை அளந்து தோல் வெட்டியவன்
என்றைக்கு, எந்த அவசரத்தில்,
அந்த முதுகையே வெட்டப் போனான்?
அதை அகராதி சொல்லவில்லை.

பிப்ரவரி. ஷாப் மேட்டில் மிஸ் பிர்க்கெட்டின் பெட்டைக்குதிரை,
முப்பத்தோரு வயது.
அவள் வெளியே வரவில்லை.
சமையலறை ஜன்னலில் விளக்கு மட்டும் எரிந்தது.
உதவிக்குப் போயிருந்த நான் கயிற்றைப் பிடித்திருந்தேன்.
குதிரையின் கறுத்த முதுகில், சேணம் உரசிய இடத்தில்,
கையகலத்துக்கு வெள்ளை முடி.
ரோலண்ட் கையுறையைக் கழற்றி
அங்கே உள்ளங்கையை வைத்தான்.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
மழை பிடித்துக்கொண்டது.
பிறகு லாரிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தான்.

வீட்டில் மூன்றுமுறை சோப்புப் போட்டான்.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
பதினெட்டு வருஷத்தில் அந்தச் சொல்லை
அவன் வாயிலிருந்து கேட்டதில்லை நான்.
ஆனால் முந்தின இரவும் தூங்கவில்லையா,
என் நாக்கு முந்திக்கொண்டது:
இன்றைக்கு நான் ஒரேயடியாய்...

கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

கால் வலிக்கிறது, என்று முடித்தேன்.

எந்தக் கால்? என்றான்.