ஏழாவது கட்டம்

கட்டுப்பாட்டை இழந்த நேரம் என்று
படிவத்தில் அச்சடித்திருக்கிறது.
பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்,
நான்கு இலக்கம் கொள்ளும்.

பதினாறு பன்னிரண்டு என்று எழுதலாம்.
கோபுரத்து மணிக்கூடும் அதைத்தான் சொல்கிறதாம்.
ஆனால் பதினாறு பன்னிரண்டுக்குச்
சில்லுகள் தரையில் இருந்தன.
தருமரெத்தினம் கைதட்டக்கூடப் பார்த்தார்,
மடியில் பைகள் இருந்ததால் விட்டுவிட்டார்.
மூன்று பொலித்தீன் பைகள்,
ஒட்சிசன் ஊதிக் கட்டியவை,
வாழைச்சேனைப் பண்ணைக்கு இறால் குஞ்சு.
மதியம் கட்டியது, ஆறு மணித்தியாலம் தாங்கும் என்று
இரத்மலானையில் சொன்னார்.
திரும்பவும் சொன்னார்.
நான் வானத்தைப் பார்க்காமல்
மணிக்கூட்டைப் பார்த்தேன்.

சரி, அதற்கு அரை நிமிடம் முன்னால்?
வாவிக்கு மேலே அறுபத்தைந்து நொட்,
இடப்பக்கம் கல்லடிப் பாலம்,
எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி.
கீழே தோணியில் ஒருவன்
வீச எடுத்த வலையை வீசாமல்
மறுபக்கம் திரும்பி நின்றான்.
அழகாயிருந்தது.
அழகு என்று மட்டும் நினைத்தேன்.

புதூரில் குப்பை எரித்த புகை
காலை முழுக்கக் கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்.
நான் கண்டபோது நிமிர்ந்து நின்றது.
பிறகு, யோசித்து முடித்தது போல,
உன்னிச்சைப் பக்கம் சாய்ந்தது.
கச்சான் செத்துக் கடற்காற்று எழும்பும்
அந்த ஒரு பிடி நேரம்.

பதினாறு பன்னிரண்டுக்கு நான் செய்தது
தோளைத் தளரவிட்டதுதான்.
இன்னும் ஐம்பது நொட்டில் ஓடுகிற ஒன்றுக்குள்
வாசலில் செருப்பைக் கழற்றுகிறவன் மாதிரி.

இடது செட்டை மெல்ல எழும்பிற்று,
பாயை உதற யாரோ ஒரு முனையைத் தூக்கியது போல.
மூக்கு இடப்பக்கம் போனது.
கை வலப்பக்கம் திருப்பியது,
முப்பது வருடம் கார் ஓட்டிய கை.
விமானம் கேட்டது காலை அல்லவா?
வலது கால் பெடலில் இருந்தது.
இருந்தது, அவ்வளவுதான்.

செட்டை நுனி தாரில் கீறும் ஓசை.
புல். புல்லுக்குள் ஒரு முழுச் சுற்று.
விசிறி மூன்று தரம் மண்ணைக் கொத்தி நின்றது.
அந்த அமைதிக்குள் தருமரெத்தினம் கேட்டார்:
"வந்திட்டமா?"

தீயணைப்பு வண்டியில் வந்த மீராலெவ்வை
கதவைப் பிடித்திழுத்துத் திறந்து
பெற்றோல் மணக்கிறதா என்று முகர்ந்தார்.
மறுகா என்னைப் பார்த்தார்.
"காத்து கிறுகிட்டு சேர்.
நாங்க அப்பவே கதிரய மற்றப் பக்கம் போட்டுட்டம்."

பைகளை வெயிலில் தூக்கிப் பார்த்தோம்.
ஒன்றுகூட உடையவில்லை.
தண்ணீர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது,
மயிரளவுக் குஞ்சுகள் அத்தனையும்
சுழலுக்கு எதிரே நீந்திக்கொண்டிருந்தன.
யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஓடுபாதையில் என் சில்லுகள்
கறுப்பாய் ஒரு பெரிய உ எழுதியிருக்கின்றன.
பிள்ளையார் சுழி போட்டாயிற்று,
விஷயத்தை எழுது என்கிறது கட்டம்.

தோணிக்காரன் திரும்பிய நேரமா,
புகை நிமிர்ந்த நேரமா,
இரத்மலானையில் நான் சரி என்ற நேரமா?
ஒன்று, ஆறு என்று எழுதிவிட்டு
பேனையைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.

மேசைக்கடியில்
வலது கால்
இப்போது அழுத்துகிறது.