நாள் திருத்துதல்

புதிசென்றால் ஒன்றரை இலட்சம்.
என்னிடம் இருந்தது சீட்டுக்காசு
இருபத்திரண்டாயிரம்.
ஆகவே மதுவந்தன் வந்தான்
பரந்தனிலிருந்து, சைக்கிள் கூடையில்
பால்மாப் பையில் சுற்றிய பாகங்களோடு.

விசுவமடுச் சந்திக்குக் கிழக்கே
என் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
போட்டோக் கொப்பி, லமினேற்றிங், விண்ணப்பம் என்று
கதவில் நானே எழுதியிருக்கிறேன்.
விண்ணப்பத்தில் ஒரு சுழி குறைவு.
இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பக்கத் தகட்டைக் கழற்றினான்.
வீதிக்குத் தார் போடுமுன் பறந்த புழுதியும்
போட்டபின் பறந்த புழுதியும்
படை படையாய் உள்ளே.
பவர் சப்ளைக்குள் இரண்டு பல்லிமுட்டை,
ஒன்று வெறுங்கோது.
விசிறியின் இறகில்
குளவி ஒன்று கட்டத் தொடங்கி
என்ன நினைத்ததோ, விட்டுப்போன மண்.

"அக்கா, இது ஓடினதே அதிசயம்."

ஓடியது.
சேற்றில் மாட்டிய ட்ரக்டர் மாதிரி.
காலையில் ஆளியைப் போட்டுவிட்டுக்
கடை கூட்டி, தண்ணீர் தெளித்து,
தேத்தண்ணி குடித்து, கோப்பையையும் கழுவினால்
திரை விழித்திருக்கும்.
அதற்கு முன்னால் ஒரு கறுப்புத் திரை:
நாள் தெரியவில்லை, எஃப் ஒன்றை அழுத்து.

இடிக்குப் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றுகிறவள் நான்.
ஆகவே ஒவ்வொரு காலையும்
அதற்குத் தெரிந்த ஒரே நாள்
2009, தை, முதலாந் திகதி.

திருத்த இரண்டு நிமிடம்.
தட்டத் தட்ட ஆண்டு ஏறும்.
பதின்மூன்றில் வீட்டுத்திட்டம்,
பத்தொன்பதில் இந்தப் பெட்டி கைமாறி வந்தது.
ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகவும்
ஒரே ஒரு தட்டுத்தான்.
அதுதான் எனக்கு விளங்குவதில்லை.

அந்தத் தை முதலாந் திகதியும் நான் விசுவமடுவில்தான்.
உருத்திரபுரத்து வீட்டின் கூரைத்தகரத்தை
அப்பா தறப்பாளுக்குப் பின்னால் அடுக்கியிருந்தார்.
மழை.
ஐந்து பேருக்குத் தேத்தண்ணி.
சீனி இல்லை.

மதுவந்தன் ராமின் பொன்விளிம்பைப்
பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்தான்.
வவுனியாவில் செத்த ஒரு பெட்டியிலிருந்து எடுத்ததாம்.
காய்ந்த பசையைச் சுரண்டிப்
புதுப்பசை, ஒரு மிளகளவு.
புது டிஸ்க் சவர்க்காரக் கட்டியிலும் மெல்லிசு,
சத்தமே இல்லை.
பழையதை உள்ளேயே விடச் சொன்னேன்.
மூவாயிரத்துச் சொச்சம் விண்ணப்பங்கள் அதில்.
பாதிக்குமேல் காணி.
மிச்சம் என்ன என்று
இந்தப் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

கடைசியாக நகத்தால் நெம்பி எடுத்தான்
சட்டைப் பொத்தானளவு ஒரு பற்றரி.
"இது செத்தபடியாத்தான் நாள் மறக்குது.
மாத்தட்டோ? நூற்றைம்பது ரூபாதான்."
நான் பேசாமல் நின்றேன்.
காசில்லை என்று நினைத்தானாக்கும்.
"சரியக்கா, இது சும்மா போட்டுவிடுறன்."
பழையது அவன் கைதவறி
கொப்பி மெஷினுக்கடியில் உருண்டது.
உருண்ட சத்தம் கேட்டது,
விழுந்த சத்தம் கேட்கவில்லை.

திரை வந்தது.
"அட, நான் பிறந்த வருசம்" என்றான்.
"செட்டிகுளத்தில, கூடாரத்துக்குள்ள.
அம்மா சொல்லுவா, அண்டைக்குச் சரியான வெக்கையாம்."
சொல்லிக்கொண்டே தட்டினான்,
பதினேழு தட்டு,
எங்கும் நிற்காமல்,
படியிறங்கி ஓடும் பிள்ளையைப் போல.

இன்று காலை பதினெட்டு விநாடி.
விளக்குமாறு கையில்,
கேத்தில் இன்னும் சூடேறவில்லை,
மூலையில் சரியான திகதி
என்னை முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.
கொப்பி மெஷினுக்கடியைத் தவிர
மற்ற இடமெல்லாம் கூட்டினேன்.

"திறந்தாச்சோ பிள்ளை?"
ஒரு ஐயா, கையில் பொலித்தீன் உறை,
உள்ளே நாலாக மடித்த ஒரு தாள்.
திறந்தாச்சு, வாங்கோ.