செட்டில்மென்ட் என்றால்

தமிழாக்கம் பக்கத்துக்கு அறுபது ரூபாய்,
ஸ்டாம்ப் பேப்பர் தனி.
அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடையில் பாதிதான் என் ஆபீஸ்.
மீதிப் பாதியில் லேமினேஷன் மிஷின்
எந்நேரமும் சூடாக.

பாவாயி வந்தது ஒரு மார்ச் மாதம், மூன்று மணி வெயிலில்.
வாழப்பாடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்,
வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.
நாலாய் மடித்த கடிதத்தை இடது கையால் நீட்டினாள்.
சேகோ ஃபேக்டரி லெட்டர்பேடு. முழுக்க இங்கிலீஷ்.
நடுவில் தடித்த எழுத்தில் ஒரு வரி,
அதன் கீழே முப்பத்தெட்டாயிரத்து நானூறு.

"ரூவா எனக்கே தெரியுது.
அதுக்கு மேல இருக்கற வார்த்த என்ன சொல்லுது?"

ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்.

முழு, சரி. இறுதி, சரி.
மூன்றாவது சொல்லில் விரல்கள் நின்றுவிட்டன.

தீர்வு என்று அடித்தேன்.
எது தீர்ந்தது?
அழித்தேன்.
பைசல். தாலுகா ஆபீஸ் பீரோவைத் திறந்த வாசனை.
கணக்கு முடிப்பு. மளிகைக்கடை நோட்டில்
பேனாவால் குறுக்கே இழுக்கிற கோடு.
உடன்பாடு.
இரண்டு பேர் உட்கார்ந்து பேசியிருந்தால்தானே அது.

போன வாரம் இதே சொல்லை
அழகாபுரத்து வீடு ஒன்றுக்கு அடித்துக் கொடுத்தேன்:
அண்ணன் தங்கைக்கு மனப்பூர்வமாக எழுதிவைக்கும்
தான செட்டில்மென்ட்.
கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை
இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம்.
"உன்கூடப் படிச்சதெல்லாம் செட்டில் ஆயிடுச்சு" என்பார் சித்தப்பா,
காபியை ஆற்றிக்கொண்டே.
சமையலறைச் சுவர் விரிசலைத் தடவிப் பார்த்து
"ஒண்ணுமில்லங்க, கட்டடம் செட்டில் ஆவுது" என்றார் கொத்தனார்.
எட்டு வருடமாக ஆகிக்கொண்டிருக்கிறது,
என்னைப் போல.
செட்டிச்சாவடி மொட்டைமாடியில் காயும் துணிமேல்
மேக்னசைட் தூள் வெள்ளையாக உட்காரும்.
உதறினால் எழும்பும்,
பக்கத்துக் கொடியில் போய் உட்காரும்.

படிதல், என்று அப்போதுதான் தோன்றியது.
தூசி படியும். பேரம் படியும்.
எண்ணெய் வைத்தும் படியாத முடி உண்டு.
நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல்
வாய்விட்டே சொன்னேன்.

பாவாயி நிமிர்ந்தாள்.
"படியறதா? அது எனக்குத் தெரியுமே.
கெழங்கரைச்சு, பால வடிகட்டித் தொட்டியில வுடுவோம்.
ராத்திரி முச்சூடும் ஒருத்தரும் கலக்கப்படாது.
நான் காவலுக்கு ஒக்காந்திருக்கேன்,
கொசு புடுங்கும், கையத் தூக்கி அடிக்கக்கூட யோசன,
சத்தத்துல மாவு முழிச்சுக்குமோன்னு."
சிரித்தாள்.
"விடிஞ்சா அடியில கெட்டியா நிக்கும்.
மம்பட்டி போட்டாத்தான் பேரும்.
மேல நிக்கறத வாய்க்காலுக்குத் தொறந்து வுட்ருவாங்க.
மஞ்சத் தண்ணி. கெட்ட நாத்தம்.
திப்பியத் திங்கற மாடுகூட அதுல வாய் வெக்காது."

பேச்சு அங்கேயே நின்றது.
லேமினேஷன் மிஷினிலிருந்து யாருடைய ஆதார் கார்டோ
மெல்ல வெளியே வந்தது.
அவள் அந்தத் தொகையை மறுபடியும் பார்த்தாள்.

"பதினோரு வருசம்.
மாவு அவங்களுக்குப் படிஞ்சுருச்சு.
எனக்கு மேல்தண்ணி."

கடிதத்தின் கடைசியில் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்.
வலது பெருவிரல் ரேகை.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
முந்தானையும் விலகவில்லை.

அவள் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.
சுருக்குப் பையிலிருந்து மூன்று இருபது ரூபாய்த் தாள்களை எடுத்து
கீபோர்டு ஓரம் வைத்தாள்.
"இன்னும் ஒண்ணும் அடிக்கலயே" என்றேன்.

"இது அதுக்கில்ல.
தண்ணி வேணாம்னு
இங்கிலீசுல எப்படி எழுதறது?"