நம்ம

வெள்ளிக்கிழமை ஜெபம் அந்த வாரம்
ஆண்டாப்ஹில்லில், தேவகிருபை அக்கா வீட்டில், மூன்றாம் மாடி.
வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு,
ஈரம் வடிய விரித்துவைத்த இரண்டு குடை.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
அதற்கும் ஒருவர் விண்ணப்பம் கொடுத்திருந்தார்.

நான் நன்றாக ஜெபிப்பவன்,
அப்படித்தான் சொல்வார்கள்.
கண்ணை மூடினால் போதும்,
கிருபை, இரக்கம், தயவு என்று
பெட்டி பெட்டியாய் வந்துவிடும்
சென்ட்ரல் லைன் ஃபாஸ்ட் வண்டி மாதிரி.
அன்றைக்கும் வந்தது.
ஒருவரின் விசா, ஒருவரின் மூட்டுவலி,
வேலை போன ஒரு மருமகன்,
எல்லாரையும் ஏற்றிக்கொண்டு
தாதர் விட்டால் குர்லா.
சயானில் நிற்காது.

சுற்றி வந்த ஜெபம் ஷரயுவிடம் வந்தது.
அவள் ஜால்னாக்காரி. தமிழ் அவளுக்குக்
கல்யாணத்தில் போட்ட நகை,
எப்போதாவது எடுத்து அணிவாள்.
அவள் முறை வந்தால் ஞானாபரணம் அண்ணன்
ஒரு ஸ்தோத்திரம் சொல்லி
அடுத்தவரிடம் நகர்த்திவிடுவார்.
சயான் ஆஸ்பத்திரியிலிருந்து
வெறுங்கையோடு வந்த ஐந்து மாதமாய்
அதுதான் வழக்கம்.

அன்று அவர் வாயைத் திறக்குமுன்
அவள் திறந்தாள்.

"நம்ம பிதாவே.
நம்ம பிள்ள போயிருச்சு.
ஆமென்."

சமையலறையில் குக்கர் இரண்டாவது விசில் அடித்தது.
முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா
என்று யாருக்கும் தெரியவில்லை.
ஒரு சின்ன ஆமென் மட்டும்
ஜன்னல் பக்கமிருந்து, தாமதமாக.

இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில்
நான் அவளுக்கு இலக்கணம் சொன்னேன்.
ஆமாம், அதைத்தான் சொன்னேன்.
எங்கள் பிதான்னு வரணும்.
நம்மன்னா கேட்கிறவரையும் சேர்த்ததா ஆயிடும்.
பிள்ளையும் அப்படித்தான், எங்க பிள்ளை.

அவள் ஒரு படி கீழே நின்றாள்.
என் பைபிளும் அவள் பைபிளும்
ஒரே பாலித்தீன் பைக்குள், அவள் கையில்.
"ஆம்ச்சா வேற, ஆப்லா வேற.
என் பாஷையிலயும் ரெண்டும் இருக்கு.
தெரியாமயா சொன்னேன்?"

இன்னும் ஒரு படி இறங்கி,
திரும்பாமல்:

"எங்க பிள்ளைன்னு சொன்னா
அவர் துக்கம் விசாரிக்க வந்த ஆளு.
டீ குடிச்சிட்டுப் போயிருவார்."

கோலிவாடா வரை ஒரே குடையில் நடந்தோம்.
அவள் இடது தோளும் என் வலது தோளும் நனைந்தன.
நான் ஒன்றும் பேசவில்லை.

இரவு முழங்கால் போட்டேன்.
வண்டியைக் கூப்பிடவில்லை.
நம் பிதாவே என்றேன்.
கூச்சமாக இருந்தது,
மேலதிகாரியின் தோளில் கை போட்டதுபோல.
நம் வாடகை, என்றேன்.
நம் தகரம் மூன்று இடத்தில் ஒழுகுகிறது.
உம்மேலும் சொட்டுகிறதா?
நம் பிள்ளை நான்கு நாள் இருந்தாள்,
பெயர் வைக்கவில்லை,
அட்டையில் "பேபி ஆஃப் ஷரயு" என்று போட்டிருந்தார்கள்,
அதில் என் பெயரும் இல்லை
உம் பெயரும் இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்சநேரம்
ஜெபமா வேறெதுவா என்று தெரியாத ஒன்று.

பழக்கதோஷம், பாவ அறிக்கைக்கு வந்தேன்.
நம் பாவங்களை
என்று தொடங்கி நாக்கு நின்றுவிட்டது.
இங்கே அவரைச் சேர்த்தால்
மன்னிப்பை யாரிடம் கேட்பது?
சேர்க்காவிட்டால், இவ்வளவு தூரம்
கூடவே நனைந்து வந்தவரை
இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும்
வெளியே நிற்கச் சொல்வதா?

ஷரயுவைக் கேட்கலாம் என்று திரும்பினேன்.
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
தூங்கவில்லை என்று முதுகு சொன்னது.

வாளியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
மணி மூன்றிருக்கும்.
ஆமென் இன்னும் சொல்லவில்லை.