மைனஸ் நான்கு

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள் எங்கள் பக்கம்.
துளைத்த பிறகு தரை என்ன செய்யும்?
அதை யாரும் சொல்லி வைக்கவில்லை.
அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்,
பொன்ட்ரெசினாவில், நாற்பது சதவீத வேலை,
ஜூன் வரைக்கும்.

கடப்பாரை பட்டால் கணீரென்கிறது மண்.
கையில் எடுத்தால் கல்.
ஆனால் முழுக்கக் கல்லில்லை.
ஒவ்வொரு மணலையும் சுற்றி
உறையாத நீர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது,
தலைமயிரை ஆயிரமாகக் கிழித்த கனத்தில்.
பனிக்கட்டி தனக்குள் உப்பைச் சேர்க்காது.
தள்ளிய உப்பெல்லாம் அந்த நீரில் ஒதுங்கி
கருவாட்டுப் பானையின் அடியாய்க் கரிக்கிறது.
அது தேங்கும் மூலைகளில் இருக்கிறார்கள்.

(இருக்கின்றன என்று எழுத வேண்டும்.
அறிக்கையில் அப்படித்தான் எழுதுகிறேன்.)

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும்,
நல்லெண்ணெய் உறையாது.
இது அவர்களுக்கும் தெரியும்:
குளிர் இறங்க இறங்க
தம் தோலின் கொழுப்பை மாற்றிக்கொள்கிறார்கள்.
இரண்டாகப் பிரிய மாதக்கணக்கில் ஆகிறது.
அதுவரை ஒட்டுப்போடும் வேலை,
அறுந்த இழையை அறுந்த இடத்திலேயே.

மூச்சும் உண்டு.
குப்பியில் கரியமில வாயு ஏறுவதைக் கண்டு
மட்லைனா கசிவு என்றாள்.
மூடியை மாற்றினோம், மறுபடி ஏறியது.
மூன்று முறை வேகவைத்த மண்ணைப் பக்கத்தில் வைத்தோம்.
அது சும்மா கிடந்தது.

துமெங் வந்தது ஒரு வியாழக்கிழமை.
ஊராட்சியின் குழிவெட்டி.
குளிர்காலத்தில் யாராவது இறந்தால்
மின்சாரப் பாயை விரித்து
இரண்டு நாள் தரையைச் சூடாக்கிவிட்டுத்தான் தோண்டுவார்.
சாப்பாட்டு டப்பாவில் பனி நிரப்பி
நடுவில் ஒரு மண்கட்டி கொண்டுவந்திருந்தார்.
அவர் ஜெர்மனும் வாடகை, என் ஜெர்மனும் வாடகை;
அதனால் மெதுவாகப் பேசிக்கொண்டோம்.

"இதில் ஏதாவது உயிரோடு இருக்கிறதா?"

எங்கே எடுத்தது என்று நான் கேட்கவில்லை.
ஒரு கரண்டி குப்பியில் போட்டு
நான்கு நாள் மைனஸ் நான்கில் வைத்தேன்.
கோடு ஏறியது. நன்றாகவே ஏறியது.

திங்களன்று வந்தவரிடம் வரைபடத்தைக் காட்டினேன்.
கையுறையைக் கழற்றாமல்
கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.
"ஐத்தாவைப் புதைத்தது ஜனவரி பதினொன்று,"
என்றார்.
"ஏப்ரல் வரைக்கும் அப்படியே இருப்பாள் என்று நினைத்தேன்.
அந்த மூன்று மாதமும் தினம் போனேன்.
அப்புறம் போகவில்லை."

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம்.
ஆனால் படித்தவர்களுக்கு வாய் அடங்காது.
உறைவது மேலே மூன்றடிதான்,
ஆறடியில் உறைவதே இல்லை என்றேன்.
சொல்லி முடித்ததும்
குளிர்பெட்டியின் மோட்டார் சத்தம் மட்டும்.

அவர் கோபப்படவில்லை. அழவுமில்லை.
"பாய் போட்டது வீண் வேலை இல்லையே?" என்றார்.
இல்லை, மேலே இறுகித்தான் இருக்கும் என்றேன்.
தலையாட்டினார்.
ஏழு வருடம், என்று எண்ணிப் பார்த்தார்,
எனக்கல்ல, டப்பாவுக்கு.
பிறகு,
"மிச்ச மண்ணைக் கொடுங்கள்."

ஆய்வகத்துக்குள் வந்த மண்
வெளியே போகக் கூடாது என்பது விதி.
மட்லைனா ஜன்னல் பக்கம் திரும்பி
எதையோ மும்முரமாகத் தேடினாள்.
புதுப் பனி அள்ளிவந்து டப்பாவில் அடைத்து
கட்டியை நடுவில் வைத்துக் கொடுத்தேன்.
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்,
கல்லறைச் சுவருக்குள் ஒருவர் குனிந்து
மண்வாரியின் பின்புறத்தால் தட்டிக்கொண்டிருந்தார்.
வண்டி திரும்பிவிட்டது.

குப்பி என்னிடம்தான் இருக்கிறது.
எண் 212. மாதிரி எடுத்த இடம் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.
இன்று காலையும் ஏறியிருந்தது,
கொஞ்சம்.